பதினாறரைக் கழுத்து

மார்க்கத்திலிருந்து தம்பி வீடியோவில் காட்டினான்.
வட்டக் கதவு. உள்ளே அவன் பிள்ளையின் காலுறைகள்
ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன.
"நாப்பது நிமிசம் அக்கா, சுடச்சுட வரும்.
காசு போடுறன், ஒண்டு வாங்கு."

வேண்டாம் என்றேன்.
கரண்ட் பில்லைச் சொன்னேன்.
ஆனிக் கச்சான் இங்கே ஒரு சேலையை
தேத்தண்ணி ஆறுவதற்குள் அப்பளமாக்கிவிடும் என்றேன்.
குசினியில் இரண்டு பேர் நின்றால்
ஒருவர் வெளியே போகவேண்டும், எங்கே வைப்பது என்றேன்.
நிற்பது எப்போதும் நான் மட்டும்தான்.
மாரியில் என்ன செய்வாய் என்று கேட்டான்.
உண்மை, கார்த்திகையில் துவாய் நாறும்.
மூன்று நாள் கதிரை முதுகுகளில் கிடக்கும்.
கடற்காற்று உப்பைத் தடவிப் போகும்,
தலையணை உறை கன்னத்தில் பிசுபிசுக்கும்.
அதற்கும் வேண்டாம் என்றேன்.

சொல்லாத காரணம்
கொடியின் தெருப்பக்க முனையில் தொங்குகிறது.

உவர்மலைக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் இரவு
யாரோ கேற்றைத் தட்டினார்கள்.
பெயர் சொல்லவில்லை.
தட்டிவிட்டு நின்றார்கள்.
நாய்கள் ஓயும்வரை நின்றார்கள்.

அடுத்த நாள் பிரதான வீதி நடைபாதையில்
நீலக் கோடு போட்ட சேட்டு ஒன்று வாங்கினேன்.
"என்ன சைஸ் மிஸ்?"
பதினாறரை என்று வாயில் வந்தது.
யாருடைய கழுத்தும் அல்ல.
காணிக் கந்தோரில் நாள் முழுக்க
எல்லைகளும் இலக்கங்களும் எழுதுகிறவளுக்கு
இன்னுமோர் இலக்கம்.

ஒன்றுவிட்டு ஒருநாள் வாளியில் நனைப்பேன்.
சவர்க்காரம் தேவையில்லை, அழுக்கு எங்கே இருக்கிறது.
தோளுக்கு ஒரு கிளிப்.
என்னுடையவை துவாய்க்குக் கீழே ஒளிந்து காயும்.
இல்லாதவனுடையது தெருவைப் பார்த்துக் காயும்.

கச்சான் அடிக்கும்போது அவருக்கு வயிறு வைக்கும்.
தபால்காரர் ஒருமுறை
"ஐயா நிக்கிறாரோ?" என்று கேட்டார்.
நித்திரை என்றேன்.
போன பங்குனியில், பஸ் நிலையத்துக் குப்பை அலுத்த மான் ஒன்று
கேற்றுக்குள் தலையை விட்டு
அவருடைய இடது கையை மணிக்கட்டுவரை தின்றது.
மடித்துத் தைத்துவிட்டேன்.
அரைக்கை ஆள் ஆனார். வலதையும் மடித்தேன்.

ஐப்பசியில் ஒரு பகல், நான் கந்தோரில்,
வானம் உடைந்தது.
மதிலுக்கு அப்பால் இருக்கும் பஸ்லியா ஓடிவந்து
எல்லாவற்றையும் அள்ளியிருக்கிறாள்.
மாலை மடித்துக் கொண்டுவந்தாள்.
மேலே அந்தச் சேட்டு.
கொலருக்குள் விரலை ஓட்டினாள்.

"தங்கச்சி, ஆம்புளட கொலர்
இவ்வளவு துப்புரவா இரிக்காது."

எனக்குக் காது சுட்டது.
அவள் வேறொன்றும் கேட்கவில்லை.
பிள்ளைக்குப் பால் கரைக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

காலையில் மதிலின் மேல் இரண்டு பழைய சாரன்கள்.
"வெறுஞ் சேட்டு மட்டும் காஞ்சா ஆரு நம்புவா?
இதையும் போடுங்க.
ஒரே இடத்துல போடாதீங்க, மாத்தி மாத்தி.
கொலர்ல கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேயுங்க."

அப்போதுதான் அவள் கொடியை ஒழுங்காகப் பார்த்தேன்.
நாலு வருடமாய் டோகாவில் இருக்கிறவரின்
மூன்று சேட்டுகள், ஒரு பெனியன்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.

இப்போது கிழமையில் ஒருநாள் மாற்றிக்கொள்கிறோம்.
செவ்வாயில் அவளுடைய கட்டம் போட்டது என் கொடியில்,
என் நீலக்கோடு அவளிடம்.
தம்பி இன்னும் கேட்கிறான்.
நானும் கரண்ட் பில்லைச் சொல்கிறேன்.

தோள் இரண்டும் வெளிறிவிட்டன,
யாரோ வெயிலில் வேலை செய்தது போல.
சம்பளத்தன்று புதிதாய் ஒன்று வாங்கவேண்டும்.
பதினாறு போதும்.
என் சமையலில்
கொஞ்சம் மெலிந்திருப்பார்.