நான்கு ஒன்று ஏழு

எல் ஆல்டோவில் காற்று மெலிவு.
கடலோர ஊர்களில்போல் சட்டென்று எழும்பிவிடாது விமானம்.
நாலு கிலோமீட்டர் ஓடுபாதையை
கடைசிக் கோடுவரை தின்றுவிட்டுத்தான் கால் தூக்கும்.
அதுவரை கோபுரத்தில்
என் கால்விரல்கள் ஷூவுக்குள் மடங்கியிருக்கும்,
பதினோரு வருடமாக.

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது.
கோச்சபம்பாவுக்கு நான்கு ஒன்று ஏழு.
சுக்ரேவுக்கு நான்கு ஏழு ஒன்று.
இந்த எண்களை அடுத்தடுத்து வைத்த ஆள்
கீழே லா பாஸில் ஏதோ அலுவலகத்தில்
காபி குடித்துக்கொண்டிருந்திருப்பான்.
அவனைத் திட்டி முடித்துவிட்டேன்.
இனி என் முறை.

ஒலிப்பதிவை எட்டு தடவை கேட்டோம்.
விசாரணைக்கு வந்த ரொகேலியோ அபாஸா
அந்த இடம் நெருங்கும்போதெல்லாம்
பேனாவை மூடிவைத்தார், துக்க வீட்டில்
செருப்பைக் கழற்றுகிறவர்போல.

'நான்கு ஏழு ஒன்று, இடப்பக்கம் திரும்பவும்.'

என் குரல்தான்.
தூக்கம் இல்லை அதில், பதற்றம் இல்லை.
கடையில் உப்பு கேட்கும் குரல்.
ஒன்று என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்,
ஏழு முந்திக்கொண்டது.

அதுகூடப் பரவாயில்லை.
விமானி திருப்பிச் சொன்னார்:
'நான்கு ஏழு ஒன்று, இடப்பக்கம்.'
நான் 'சரி' என்றேன்.
காதால் கேட்டு, சரி என்றேன்.

உயரம் தேடி வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது
கோச்சபம்பா விமானம்.
அதன் வழியில், மேகத்துக்குள்,
சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது மற்றது.
கண்ணாடித் திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள்
ஒரே புள்ளியாவதை
நான் எழுந்து நின்று பார்த்தேன். எதற்கு எழுந்தேன்?

அப்போது எந்திரங்கள் பேசிக்கொண்டன.
ஒன்றில் 'ஏறு, ஏறு'.
மற்றதில் 'இறங்கு, இறங்கு'.
அவற்றுக்கு நாக்கில்லை, தவறவில்லை.

மயிரிழை என்று எழுதியது செய்தித்தாள்.
மயிரிழை இல்லை. தொண்ணூறு மீட்டர்.
ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்துக்குப் போய்
கோல் கம்பத்தடியிலிருந்து நடந்து அளந்தேன்.
எதிர்க் கம்பம் வரவில்லை, தொண்ணூறு வந்துவிட்டது.
திரும்பிப் பார்த்தேன்:
புறப்பட்ட இடத்தில் ஒரு பையன்
புறங்கையால் மூக்கைத் துடைப்பது
தெளிவாகத் தெரிந்தது.

பதினாலாம் வரிசையில் ஒரு பல் மருத்துவர்,
எதிர் விமானத்தில் யாரோ
ஜன்னல் திரையை இறக்கிவிட்டதைப் பார்த்தாராம்.
'அந்த வேகத்தில் பார்த்திருக்க முடியாது'
என்கிறார் ரொகேலியோ. ஆனால் எழுதிக்கொண்டார்.
மற்றவர்கள் தூங்கினார்கள்.
சுக்ரேவில் இறங்கி
பெட்டி வரத் தாமதம் என்று சண்டை போட்டார்கள்.
அந்தச் சண்டையை யாராவது பதிவு செய்திருந்தால்
இரவெல்லாம் கேட்பேன்.

படிவத்தில் காயம் என்ற கட்டத்தில் 'இல்லை'.
சேதம் என்ற கட்டத்தில்
'பயணி ஒருவரின் சட்டை, தக்காளிச் சாறு'.
கீழே என் கையெழுத்து: நீல்டா சோக்கெவாங்கா.
அதற்கு மேல் கட்டம் இல்லை.

இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை.
கேபிள் காரில் நகரத்துக்கு இறங்குகிறேன்.
பன்னிரண்டு நொடிக்கு ஒரு பெட்டி
எதிரே ஏறி வருகிறது,
முகங்களோடு, கீரைக்கட்டுகளோடு,
கை நீட்டினால் தொடலாம் என்பதுபோல்.
ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.
உதடு தானாக முணுமுணுக்கிறது:
நான்கு ஒன்று ஏழு. நான்கு ஒன்று ஏழு.

முன்னால் உட்கார்ந்திருந்தவள்
மடியிலிருந்த உருளைக்கிழங்கு மூட்டையை நகர்த்தினாள்.
'லாட்டரி எண்ணா?'
'ம்.'
'விழுந்ததா?'
'இல்லை' என்றேன். 'விழவில்லை.'

ஐயோ பாவம் என்று
எனக்காக உச்சுக்கொட்டினாள்.