புள்ளிகளுக்குள் ஓர் எண்

ஒரு கிலோ வெள்ளை.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்கரை மணிகள்.
கடையில் வண்ணம் போட்டே விற்கிறார்கள்தான்.
ரெஜினாவுக்கு அந்தச் சிவப்பு பிடிக்காது.
"பல்பொடி மாதிரி இருக்கு."
அதனால் வீட்டிலேயே.

ஜிப் கவரில் பாதி மணிகள்.
பல் குத்தும் குச்சியின் முனை தொட்ட ஜெல்,
அதற்கு மேல் வேண்டாம்.
தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் கரைந்து அழும்.
உள்ளே கொஞ்சம் காற்று விட்டு மூடிக்
குலுக்க வேண்டும்,
தாயம் விழுமென்று நம்புகிறவனைப் போல.

முதல் கவர் சிவப்பு. அதற்கு ஒரு ரப்பர் பேண்டு.
அடுத்தது பச்சை. அதற்கு இரண்டு.
குலுக்கக் குலுக்க இரண்டுமே
ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்தன,
எனக்கு.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்
இருபத்து மூன்று வயதில்
ஒரு புத்தகத்தை என் முன்னால் விரித்தார்கள்.
பக்கமெல்லாம் புள்ளிகள்.
"என்ன நம்பர் தெரியுது?"
"புள்ளி தெரியுது சார்."
"அதுக்குள்ள?"
"அதுக்குள்ளயும் புள்ளிதான் சார்."
அவர் சிரிக்கவில்லை. அடுத்த பக்கம் திருப்பினார்.
எஞ்சின் ஓட்டியிருக்க வேண்டிய கை
கூரியர் தூக்கியது, பில் போட்டது,
இப்போது முட்டை அடிக்கிறது.
சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன்,
கீழே எரிந்தால் போவேன்.
வீட்டில் சொன்னதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

நாளைக்கு ஆதிரைக்கு ஏழு வயது.
அயனாவரம் குவார்ட்டர்ஸ். அப்பா லோகோ பைலட்.
வட்டக் கேக், மேலெல்லாம் பச்சை மணி,
நடுவில் சிவப்பு மணியில் ஒரு 7.
ஆர்டர் எழுதும்போது பேனா
ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான்.

ஐப்பசியில் இந்த ஊரில்
துணியே காயாது, சர்க்கரை எப்படிக் காயும்?
இரண்டு தட்டில் பட்டர் பேப்பர் விரித்து
மணிகளைப் பரப்பி, ஃபேனை இரண்டில் வைத்தேன்.
மூன்றில் வைத்தால் பீரோவுக்கு அடியில் தேட வேண்டும்.
சிவப்பு ஜன்னல் பக்கம். பச்சை மிக்சி பக்கம்.
மனப்பாடம் செய்துகொண்டேன்.

மூன்றரைக்கு மழை.
சாரல் உள்ளே அடிக்க, தட்டுகளைத் தூக்கிக்
கட்டிலுக்கு ஓடினேன்.
கரண்ட் போனது. வாசலில் தண்ணீர் கேன்காரர்.
காசு கொடுத்துத் திரும்பி வந்தால்
இரண்டு தட்டு, ஒரே நிறம்.
கழற்றிப் போட்ட மூன்று ரப்பர் பேண்டும்
மேஜையில் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன,
எதற்கும் சாட்சி சொல்லாமல்.

ஒரு மணியை வாயில் போட்டேன். இனிப்பு.
அந்தத் தட்டிலிருந்து ஒன்று. அதே இனிப்பு.

பாரிஸில் கேக் டப்பா வாங்கப் போனவளுக்கு
போட்டோ அனுப்பினேன்.
கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல்
போனே பண்ணிவிட்டேன்.
"இதுல எது சிவப்பு?"
பஸ் இரைச்சல். கண்டக்டர் விசில்.
"தலகாணிப் பக்கம் இருக்கறது."
அப்புறம், யாரிடமோ சில்லறை வாங்கிக்கொண்டே:
"பார்சல் சாம்பார் ரப்பர் பேண்டெல்லாம்
எதுக்கு ஜன்னல் கம்பியில மாட்டி வெக்கிறேன்னு நெனச்ச?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம்.
கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி அட்டையில் ஏழு வெட்டிக்
கேக்கின் நடுவே வைத்துச்
சுற்றிலும் பச்சையைத் தூவி அட்டையை எடுத்தேன்.
வெள்ளைக் கிரீமில் பளிச்சென்று 7.
எனக்கே தெரிந்தது.
பிறகு சிவப்பை எடுத்து
மணி மணியாக அதை நிரப்பினேன்.
நிரம்ப நிரம்ப
என் விரலுக்கு அடியிலேயே
அது காணாமல் போனது.

மறுநாள் சாயங்காலம்
டப்பாவைத் திறந்ததும் "ஏழு!" என்றாள் ஆதிரை.
கேக்கைத் தொடாமல் காற்றில் விரல் இழுத்தாள்,
குறுக்கே ஒன்று, சரிவாய் ஒன்று.
அந்த விரல் போன வழியெல்லாம் பார்த்தேன்.
புள்ளிகள்.

அவள் அப்பா யூனிஃபார்மோடு எட்டிப் பார்த்தார்.
"கலர் நல்லா ஏறியிருக்கே. யார் போட்டது?"
பாக்கிப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நானூற்றி ஐம்பது, ஐந்நூறு.
"நான்தான் சார்."