சம்பிரதி ஓலை

தூத்துக்குடி ஒல்லாந்தன் சொன்ன விலை
துப்பாக்கி ஒன்றுக்கு நாலு கோட்டை நெல்.
உலகுடையான் உலையில்
அதே நெல்லுக்கு முப்பது வேல்.

குளத்தங்கரையில் சுட்டுப் பார்த்தோம்.
பத்து முறை இழுத்ததில் ஏழு வெடித்தது.
ஒன்று பனையில் பட்டது;
நாங்கள் குறிவைத்தது பக்கத்துப் பனை.
மறுநாள் சாரல்.
மருந்து களியாகிக் கிடந்தது.
மாடக்கண்ணு தன் வேலைத் தூக்கிக் காட்டினான்:
"இதுவும் நனையும். அவ்வளவுதான்."

விசை உடைந்தால்
உலகுடையானுக்குத் திருத்தக் கை வராது,
அடுத்த கப்பலுக்கு ஆறு மாசம்,
அதுவும் விலைதான் என்று எழுதினேன்.
முப்பது வாங்குவோம்,
மிச்ச நெல்லை மருந்துக்கும் ஈயத்துக்கும்
சுட்டுப் பழகவும் விடுவோம் என்று
எழுத்தாணி முறியக் கீறினேன்.

பாளையக்காரர் வாசிக்கக் கேட்டார்.
வெற்றிலையை மடித்தபடி
"நூறு" என்றார.
மருந்து?
"பத்துக்குப் போதும்."

பிசான அறுப்புக்கு வந்தார்கள் மேற்கத்தியார்.
சிற்றாற்றுக்கு அக்கரையில் நின்று
மதிலில் நீட்டிய குழல்களை
ஒரு நாழிகை எண்ணினார்கள்.
இரண்டாம் தரமும் எண்ணினார்கள்.
திரும்பிப் போனார்கள்.

களத்தில் எண்ணூறு கோட்டை நெல்
அப்படியே கிடக்கிறது.
தொண்ணூறு குழலில் மருந்தில்லை.
சுடாத துப்பாக்கியை
வரவில் எழுதவா, செலவில் எழுதவா?

பாளையக்காரர் சிரிக்கிறார்.
நானும் சிரித்து வைத்தேன்.

எண்ணத் தெரிந்தவன்
அடுத்த தரம்
ஒரு கல்லை எறிந்து பார்ப்பான்.