குழாயில் மூன்று முறை

அந்த ஓர் இரவைப் பற்றித்தான் கேட்டார்கள்.
நவம்பர் பதினேழு, பத்தே கால் மணி.
சொன்னேன்.
டிராமைப் பணிமனையில் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்,
யாட்விகாவின் பெட்டிக்கடைக் கண்ணாடி
நொறுங்கும் சத்தம்.
கல்லாப்பெட்டியோடு ஓடியவன் செவெரின்தான்.
குறுக்கே வந்தவளைத் தள்ளினான்.
மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.
இன்றைக்கும் வலது கையால்
ஒரு ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை அவளால்.
இதையும் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும்.

"இவனை முன்பே தெரியுமா?"
நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார்.
"ஒரே கட்டடம். நான் ஐந்தாவது மாடி, அவர்கள் நான்காவது."
போதும் என்றார்.

போதவில்லை.

கட்டோவிச்சேயின் இந்தக் கான்கிரீட் அடுக்குகளில்
வெந்நீர்க் குழாய் எல்லோருக்கும் ஒன்றுதான்.
அவர்கள் கூரையைத் துளைத்து
என் தரையில் எழும்.
பனிக்காலத்தில் சூடு கொண்டுவரும்,
மற்றதையும் கொண்டுவரும்.

அவனுக்கு அப்போது நான்கு வயது இருக்கும்.
முதலில் கேட்டது நாற்காலி விழும் ஓசை.
அப்புறம் பெல்ட்.
கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்:
ஈரத்துணியை உதறுவது மாதிரி இருக்கும்,
இடையிடையே ஒரு சின்னக் குரல், எண்ணிக்கொண்டு.
அடித்தவன் எண்ணவில்லை. எண்ண வைத்தான்.
ஏழு வரைதான் தெரியும் பிள்ளைக்கு.
ஏழு முடிந்தால்
மறுபடி ஒன்று.

நான் என்ன செய்தேன்?
சூப் கரண்டியால் குழாயில் தட்டினேன்.
மூன்று முறை. நிறுத்து, நிறுத்து, நிறுத்து.
நின்றுவிடும்.
ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டவள் போல
ஆறிப்போன தேநீரைச் சூடாக்கிக் குடிப்பேன்.
பன்னிரண்டு வருடம்.
தொலைபேசி
கரண்டியைவிடப் பக்கத்தில் இருந்தது.

படிக்கட்டில் எதிர்ப்படுவான். ஜூலையிலும் முழுக்கைச் சட்டை.
பிறகு பள்ளியில் சண்டை, கடையில் சாக்லேட்,
யாருடையதோ ஒரு சைக்கிள்.
இது எங்கே போய் முடியுமோ என்றது கட்டடம்.
நானும் சொல்லியிருக்கிறேன், லிஃப்டில் வைத்து,
இரண்டு தடவையாவது.

விசாரணை முடிந்து தாழ்வாரத்தில் நின்றேன்.
காபி இயந்திரம் என் சில்லறையை விழுங்கிவிட்டது.
விரல் முட்டியால் தட்டினேன்.
மூன்று முறை.
பெஞ்சில் இரு காவலருக்கு நடுவே
குனிந்திருந்தவன் விறைத்தான்.
தோள்கள் காது வரை ஏறின.

"அது நீங்களா?"

பதினாறு வயது. உதட்டுக்கு மேல் பூனைமயிர்.
"நீங்கள் தட்டியதும் நிறுத்துவார்.
அப்புறம் சாமான் அறைக்குக் கூட்டிப்போவார்,
அங்கே குழாய் கிடையாது.
வாயில் துண்டு.
உன் அழுகை மேல்வீட்டுக்குத் தொல்லையாம், என்பார்."
கோபமில்லை குரலில்.
"போகப்போகச் சத்தமில்லாமல் இருக்கப் பழகிவிட்டேன்"
என்றான், ஏதோ எனக்கு
உபகாரம் செய்ததைப் போல.

எழுத்தரின் சன்னலுக்குப் போனேன்.
இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.
அந்த இரவைப் பற்றியா?
இல்லை.
கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
ஒரு படிவத்தை நகர்த்தினாள்.
சம்பவத் தேதி என்று ஒரு கட்டம்,
எட்டு எழுத்துக்குத்தான் இடம்.

வாசலில் யாட்விகா நின்றிருந்தாள்,
இடது கையில் குடை.
மழை வலுக்குமுன் பேருந்தைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு.
"இன்னும் என்ன இருக்கிறது சொல்ல?" என்றாள்.