தாகம்

ஐந்தாம் குறுக்குத் தெரு. பின்னால் எடுத்த லொறி
வெங்காய மூட்டையோடு சேர்த்துச் சுவரில் நெரித்தது
நாட்டாமி மூக்கையாவை.
நிலத்தில் இரத்தம் இல்லை. சாரத்தில் ஒரு பொட்டு.
"ஒன்னுமில்லீங்க டொக்டர்" என்றபடிதான் வந்தான்.
கூட வந்த தம்பியின் கையில் ஸ்ட்ரோ குத்திய செவ்விளநீர்.

பிரஷர் நூற்றுப்பத்து.
அது விழும்வரை நல்ல பிள்ளையாக நிற்கும்.
நாடி நூற்றுமுப்பத்தெட்டு.
நகத்தை அழுத்தி விட்டேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
வெள்ளை அப்படியே.
பிறகு ஒரு கொட்டாவி. பிறகு
என்னிடம் "தண்ணி",
குசுமா மிஸ்ஸிடம் "வத்துர".

வெயில் தந்த தாகமல்ல இது.
உடைந்த இடுப்புக்குள்ளே
யாருக்கும் தெரியாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறான்.

பெட்ஷீட்டைக் கீழே நுழைத்து
ஆளுக்கொரு முனை இழுத்து முடிச்சிட்டோம்,
குசுமா கட்டிலில் முழங்காலை ஊன்றி.
இரண்டு கையிலும் தடித்த ஊசி.
ஓ நெகட்டிவ் வருகிறது, ஓடி.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
சித்திரை மாதக் கொழும்பு;
எல்லோரும் வியர்த்தோம்,
அவன் மட்டும் குளிர்ந்து வியர்த்தான்.

நான்கு மணிக்குத் தியேட்டர்க் கதவு மூடியது.

வாங்கில் தம்பி.
ஒரு வாய் கொடுக்க விடாதவளை
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்,
மடியில் இளநீர் சரியாமல் பிடித்தபடி.