பாக்கி ஒரு கோட்டை

காலியில் மதில்மேல் நடந்தோம்.
மன்னாரில் அகழித் தண்ணீரில்
ஒற்றைக்கால் கொக்கு.
விடுமுறையின் கடைசி நாள் கொழும்பு;
தயாளினியின் பட்டியலில்
இன்னும் ஒன்று பாக்கி.

கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ
என்று சிங்களத்தில் கூவி
இறக்கிவிட்டார் நடத்துநர்.
வங்கி.
வங்கிக்குப் பக்கத்தில் வங்கி.
நடுத்தெருவில் ஒரு மணிக்கூண்டு,
முன்னொரு காலம் கலங்கரை விளக்காம்,
கடலைக் காண இப்போது
அதற்கே வழியில்லை.

ஆட்டோக்கார றிஸ்மி சிரித்தார்:
"மதிலா? வெள்ளக்காரன்
கட்டினதெல்லாம் ஒடச்சிட்டான்.
பேரத்தான் ஒடைக்க ஏலாமப் போச்சு."

கட்டியது வேறு வெள்ளைக்காரன்
என்று திருத்த வாயெடுத்தேன்.
வெயில்.

கடலோரம் திரும்பும் தெருவில்
கைபேசியை உயர்த்தியதும்
இரும்புத் தடுப்புக்குப் பின்னாலிருந்து
விரலை ஆட்டினார் ஒரு பொலிஸ்காரர்:
படம் கூடாது, அங்காலே போங்கோ.

"வந்திட்டம்," என்றாள் தயாளினி.
பட்டியலை எடுத்து
பென்சிலால் சரி போட்டாள்.

பிறகு புறக்கோட்டை.
உள்ளே ஒன்றுமில்லாமல் போய்
நூற்றைம்பது வருடமாகியும்
அந்தத் தெருக்கள் அத்தனையும்
இன்னும் புறத்தேதான்.
றம்புட்டான் வாங்கினோம்.
தோலை எங்கே போடுவதென்று தெரியாமல்
இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு
கோட்டை நிலையத்தில்
ரயிலுக்கு நின்றோம்.