சிவப்புக் கைப்பிடி

இரவில் கொட்டகைக் கூரையிலிருந்து
பனி மொத்தமாகச் சரிந்தது.
யாரோ மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போனதுபோல் சத்தம்.
துக்ஸிஸ் ஒருமுறை குரைத்தது.
ஐவர்ஸ் புரண்டு படுத்து
"மார்ச்" என்றான்.
அவ்வளவுதான். தூங்கிவிட்டான்.

காலையில் கிணற்று மூடியைச் சுற்றி
உள்ளங்கை அகலத்துக்கு ஈர மண்.
ஹேசல் புதரில் மஞ்சள் குஞ்சங்கள் நீண்டிருந்தன,
தட்டினால் பொடி பறந்தது.
தபால் பெட்டிக்குப் போகும் பாதை
பூட்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு
காலை மட்டும் விட்டது.
ரீகா பேருந்து இடுப்புவரை சேறு பூசிக்கொண்டு போனது.
நான்கு மாதம் ஊமையாய்க் கிடந்த வாய்க்கால்
பனிக்கட்டிக்கு அடியில்
வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தது.
வேலிக்கம்பத்தில் ஒரு ஸ்டார்லிங்,
போன வருடம் கற்றுக்கொண்ட
எங்கள் கதவின் கிறீச்சொலியை
அப்படியே திருப்பிச் சொன்னது.
எண்ணெய் போடு என்று ஐவர்ஸிடம்
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அப்புறம்தான் அந்தச் சிவப்பைக் கண்டேன்.
விறகு வெட்டும் கட்டைக்குப் பக்கத்தில்
அழுக்கேறிய பனியில்
நகக்கண் அளவு சிவப்பு.
இந்த மண்ணில் முதலில் வருவது நீலப் பூ,
சிவப்பு வராது.
தெரிந்தும் பூ என்றே குனிந்தேன்.
விரலால் தோண்டத் தோண்ட
நீண்டுகொண்டே போனது.
கைப்பிடி.
கைப்பிடிக்குக் கீழே துருவேறிய திருகு.

வில்னிஸின் துளைப்பான்.

டிசம்பரில் அவன் எங்கள் வாசலில் நின்று
"வெல்தா, பிர்ச் மரத்தில் துளை போடுவேனே,
அந்தத் துளைப்பான் உங்கள் பக்கம் இருக்கிறதா?" என்று கேட்டான்.
கேட்ட விதம் சரியில்லை என்று எனக்குப் பட்டது.
"உன் ஆணி ஒன்றுகூட என் படி ஏறியதில்லை" என்றேன்.
தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.
அதன்பிறகு குளிர்காலம் முழுக்க
இரண்டு வீட்டுப் புகைபோக்கிகள் மட்டும் பேசிக்கொண்டன.

இப்போது நினைவுக்கு வருகிறது எல்லாம்,
உருகுகிற வேகத்திலேயே.
நவம்பர் கடைசி. வேலிக்கம்பத்தில் கம்பி கோக்க ஓட்டை.
அவனிடம் கேட்டு வாங்கினேனா,
அவன் இல்லாதபோது எடுத்துவந்தேனா?
தூறல் விழுந்தது. அடுப்பில் பால்.
கையிலிருந்ததை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.
இரவு பனி இறங்கியது.
முழுத் துளைப்பானைப் பனியில் மறைத்தவள் நான்,
நாலு மாதம் நல்லவளாகவும் இருந்திருக்கிறேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
அவனுடைய நான்கு பிர்ச் மரங்கள்.
சாறு ஏறத் தொடங்கிவிட்டது.
சமையலறைக் கத்தியால் பட்டையைக் குடைந்துகொண்டிருந்தான்,
முதுகை எனக்குக் காட்டி.
கத்தி வழுக்கியது போலிருக்கிறது,
கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டான்.
நேரே போய்க் கொடுத்திருக்கலாம்.
நாற்பது அடி தூரம்.
முதல் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன்.
இரண்டாவது வரவில்லை.

சாயங்காலம் அவன் மாடுகளிடம் போன நேரம்
வாய்க்காலைத் தாண்டி வீசினேன்.
அவனுடைய சவுனாவின் வடக்குச் சுவரோரம்
வெயில் படாத, முழங்கால் ஆழப் பனியில்
சத்தமில்லாமல் இறங்கியது.
மேலே ஒரு சின்ன ஓட்டை. காற்று அதையும் மூடிவிடும்.
அவன் பனி அவனிடம் கொடுக்கட்டும்.

அன்றிலிருந்து என் முற்றத்து வசந்தம்
எனக்குச் செவிவழிச் செய்தி.
கம்பத்துக் கூட்டுக்குச் செங்கால் நாரை வந்துவிட்டதாம்.
கொட்டகைக்குப் பின்னால் நீலப் பூவாம்.
ஐவர்ஸ் கதவுக்கு எண்ணெய் போட்டானாம்,
ஸ்டார்லிங் இன்னும் பழைய கதவையே திறந்து மூடுகிறதாம்.
நான் பார்ப்பது ஒரே ஒரு சுவரோரம்.
செவ்வாய், முழங்காலுக்குக் கீழே.
வியாழன், கணுக்கால்.
வெள்ளி இரவு மறுபடி கொட்டி, திரும்ப முழங்கால்.
ஒரு நிலத்தை இப்படி உற்றுப் பார்த்தது
அதன் சொந்தக்காரனாகக்கூட இருக்காது.

இன்று காலை
பிர்ச் மரத்தடியில் நிமிர்ந்த வில்னிஸ்
ஜன்னலில் என்னைக் கண்டான்.
கையை நெற்றிக்குத் தூக்கினான்.
வணக்கமா, கண் கூசுகிறதா?
நானும் தூக்கினேன்.

வெயில் இல்லை.